நான் அடிக்காமல் விட்ட ஒரு வரி

என் மகனே,

திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே ஆரம்பித்து நம் தெருமுனை வரைக்கும் உன் முகம்தான் ஒட்டியிருக்கிறது. பால் வாங்கப் போனால் நீ, ரேஷன் கடைக்குப் போனால் நீ. உன் பேருக்கு முன்னால் ‘வேட்பாளர்’ என்று போட்டிருப்பதைப் படித்தால் யாரோ வேற்று மனிதரைப் பற்றிப் படிப்பது போல இருக்கிறது. நேற்று விழுப்புரத்தில் நீ மனுத் தாக்கல் செய்ததை டிவியில் காட்டினார்கள். சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது. சுற்றிலும் அத்தனை பேர் நின்று என்ன பயன், ஒருத்தருக்கும் அதை இழுத்துவிடத் தோன்றவில்லையே என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன். கத்திவிட்டு அழுதேன். சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தைக் கையால் எழுதுகிறேன். முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர் சொன்னதை டைப் அடித்த விரல்களுக்குச் சொந்தமாக ஒன்றைச் சொல்லக் கூச்சமாயிருக்கிறது. எழுத்து கோணலாக வந்தால் பொறுத்துக்கொள். இது உனக்கு மட்டுமான கடிதமும் இல்லை. நகல் எடுத்து ஊரிலும் காலனியிலும் கொடுக்கப் போகிறேன். கட்சிக்காரர்கள் உன்னைத் திட்டுவார்கள். “எங்கம்மா சொன்னா கேக்க மாட்டாங்க” என்று சொல்லிவிடு, அதுவும் உண்மைதானே.

போன ஞாயிற்றுக்கிழமை நீ விழுப்புரம் பக்கம் ஓட்டு கேட்கப் போயிருந்தபோது மேலத்தெருச் சின்னவர் நம் வீட்டுக்கு வந்தார். உன் அப்பாவின் ஊரில் நிலம் நீச்சென்று வாழ்ந்த பெரியவரின் மகன். இப்போது உங்கள் கூட்டணியில் ஒன்றியப் பொறுப்பில் இருக்கிறார். தட்டு நிறையப் பழம். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார், அந்த மரியாதையைச் சொல்லத்தான் வேண்டும். “எப்டி இருக்குறீங்கம்மா?” என்று ஆரம்பித்தவர், காபி ஆறுவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

“அந்த சுடுகாட்டுப் பாதை அப்பீல தம்பி வாபஸ் வாங்கிக்கினா எங்க தெரு ஓட்டு ஒண்ணு சிந்தாதுங்கம்மா. இன்னாத்துக்கு அத இழுத்துக்கினு? கீழ்க்கோர்ட்டுலயே தோத்துப்போன கேஸு.”

“அதத் தம்பிகிட்ட கேளுங்க.”

“கேட்டாச்சுங்க. வாயத் தொறக்க மாட்றாரு.” டம்ளரைக் கீழே வைத்தார். “எங்கப்பா கிரயப் பத்திரம் இருக்குது பாருங்க, அதுல கடைசிப் பக்கத்துல டைப் பண்ணவங்க பேரு இருக்குது. அத நோட்டீஸா அடிச்சுக் காலனில வுட்டா உங்களுக்குத்தான் பேஜாரு. நான் செய்ய மாட்டேன். எங்க பசங்க செய்வானுங்க.”

பழத்தட்டை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் செய்த வீரம். அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தப் பத்திரத்தின் அடியில் இருப்பது என் பேர்தான். அவர்கள் நோட்டீஸ் அடிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே பத்திரம் எழுதும் ரைட்டர் ஒருவரிடம் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். காலனியிலிருந்து ஒரு பெண் வந்து அந்த வரிசையில் மேசை போட்டு உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வேலை எப்படியென்றால், நிலத்தின் பழைய தாய்ப்பத்திரத்தை இடது பக்கம் வைத்துக்கொண்டு, எல்லைகளைப் பார்த்து அப்படியே புதுப் பத்திரத்தில் அடிக்கவேண்டும். வடக்கே யார் நிலம், கிழக்கே எந்த வாய்க்கால் என்று. ஒருநாள் பெரியவர் புதிதாக வாங்கும் நிலம் என் மேசைக்கு வந்தது. தாய்ப்பத்திரத்தில் எல்லைகளுக்குக் கீழே ஒரு வரி தனியாக இருந்தது: இதன் நடுவே தெற்கு வடக்காக ஓடும் சுடுகாட்டு வண்டிப்பாதை நீங்கலாக. காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் போக அது ஒன்றுதான் வழி. என் மாமனாரை அந்த வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ரைட்டர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். “அந்தக் கடைசி வரி வாணாம்மா. வுட்டுடு.”

“தாய்ப்பத்திரத்துல இருக்குதேங்க.”

“வாங்குற பார்ட்டி கேக்குறாரு. நீ அடிச்சுக்கினு போ, ஜல்தி. பதினொண்ணுக்கு டோக்கன்.”

நான் எழுந்து நின்று, பக்கத்தில் இருந்த பெரியவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, “நின்னுக்கினே இன்னாத்துக்கும்மா பேசுறீங்க? உக்காருங்க, உக்காந்து அடிங்க” என்றார். மகனே, அந்த மனிதர் தெருவில் வந்தால் நாங்கள் எழுந்து நிற்கவேண்டும். என் மாமியாரை அவர் வீட்டில் பேர் சொல்லி, ‘அடியே’ போட்டுத்தான் கூப்பிடுவார்கள். அவர் வாயால் ஆபீசில் நாலு பேர் முன்னால் ‘உக்காருங்க’ என்றதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பயந்துதான் செய்தேன் என்று சொன்னால் பாதிப் பொய். எனக்குக் கிடைத்த அந்த மரியாதை ஒரு நாளாவது கெடாமல் இருக்கட்டும் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்து, அந்த வரியை விட்டுவிட்டு அடித்தேன். அடியில் வழக்கப்படி ‘டைப் செய்தவர்’ என்று போட்டு என் பேரையும் அடித்தேன். அதில் பெருமை வேறு.

பாதை மறுநாளே காணாமல் போய்விடவில்லை. அதனால் நான் செய்ததை நானே மறந்துவிட முடிந்தது. வருஷங்கள் கழித்துப் பெரியவர் அங்கே போர் போட்டார், நெல் நட்டார், பாதைக்கு மேலேயே வரப்பு ஏறிவிட்டது. காலனிக்காரர்கள் கேட்டபோது பத்திரத்தைக் காட்டினார். பாதை எங்கே என்று கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

அப்புறம் ஐப்பசி மாதத்தில் உன் அப்பா போய்விட்டார். கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டை தூக்கியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்த மூட்டைகள் மேலேயே சாய்ந்தார். உனக்கு அப்போது எட்டாம் வகுப்பு. பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். நீ கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாய். திரும்பி வந்தபோது உன் தொடை வரைக்கும் சேறு. நாற்றங்காலில் கால் புதைந்து பாடை ஒரு பக்கம் சரிந்ததையும், அப்பாவின் கால் சேற்றில் பட்டதையும் விக்கி விக்கிச் சொன்னாய். பிறகு கேட்டாய், “யம்மா, நமக்கு மட்டும் ஏம்மா வழி இல்ல?”

“நமக்கு எப்பவுமே இல்லடா” என்றேன்.

டைப் அடித்தது ஒரு தப்பு. அது இருபத்திரண்டு வயசுப் பெண் செய்தது, அவளைக் கூட மன்னித்துவிடலாம். இதைச் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. அப்பனுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய் அது.

நீ அந்தப் பதிலை நம்பவில்லை. வழி இல்லையென்றால் வழக்குப் போடலாமே என்று எவனோ உனக்குச் சொல்லியிருக்கிறான், சட்டம் படிக்கப் போகிறேன் என்று நின்றாய். “வக்கீலுக்குப் படிச்சா சோறு போடுமாடா?” என்று சண்டை போட்டது நான்தான். கறுப்புக் கோட்டு போட்டு நீ முதல் தடவை திண்டிவனம் கோர்ட்டுக்குப் போன அன்று எதிர்க்கடையிலிருந்து ஒளிந்து பார்த்தவளும் நான்தான். கோட்டு உனக்கு ஒரு சைஸ் பெரிது.

உன்னிடம் நான் இதுவரை சொல்லாத ஒன்று உண்டு. நீ ஜூனியராக இருந்தபோது திங்கட்கிழமை தோறும் விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்குப் போய், குறைதீர்க் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குச் சும்மாவே மனு எழுதிக் கொடுப்பாய். ஒருநாள் என் விதவைப் பென்ஷன் விஷயமாக நானும் அங்கே வந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. திருவெண்ணெய்நல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு அம்மாவுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தாய். அவள் கட்டைவிரலில் மை தடவி நீட்டிவிட்டாள். நீ அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாய்.

“இருங்கம்மா. இன்னா எழுதிக்கிறேன்னு படிச்சுக் காட்றேன். ஒரு வார்த்த தப்பா இருந்தாலும் சொல்லுங்க, கிழிச்சுட்டு வேற எழுதலாம்.”

வரிசை நீண்டுகொண்டே போனது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நீ முதலிலிருந்து கடைசி வரைக்கும் நிதானமாகப் படித்துக் காட்டினாய். அவள், “அது எங்க வூட்டுக்காரு பேரு இல்ல, எங்க மாமனாரு பேரு” என்றாள். நீ கிழித்துவிட்டு வேறு எழுதினாய். என் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு இது எங்கிருந்து வந்தது என்று நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் யோசித்துக்கொண்டே நடந்தேன். என்னிடமிருந்து இல்லை. அது மட்டும் நிச்சயம்.

அப்புறம் அந்தத் திருவிழாத் தகராறு. நம் பக்கம் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கொடிக்கம்பத்திலோ சாமி ஊர்வலத்திலோ ஏதாவது மூண்டுவிடும், இரண்டு தெருவும் கதவைச் சாத்திக்கொள்ளும், இடையில் போலீஸ் வண்டி நிற்கும். அந்தத் தடவை மேலத்தெருப் பையன் ஒருத்தனையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் அன்றைக்குக் காணை கிராமத்தில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எந்த வக்கீலும் தொடவில்லை. நீ ஜாமீன் மனு போட்டாய். காலனி கொதித்துப்போய் நம் வீட்டு வாசலுக்கு வந்தது. “நீ நம்ம புள்ளயா, அவுங்க ஆளா?” என்று உன் சித்தப்பா முறையாகிறவரே சட்டையைப் பிடித்தார்.

“ஜெயில்ல கெடக்கிறவனுக்கு இன்னா தெரு சித்தப்பா? செய்யாதத செஞ்சான்னு சொன்னா நம்ம பசங்களுக்கும் நாளைக்கு அதேதான் நடக்கும்” என்றாய். சட்டையை விடுவித்துக்கொள்ளக்கூட இல்லை. அவர் கையை எடுக்கும்வரை அப்படியே நின்றாய்.

அரசியல் வேண்டாம் என்று நான் தலையால் அடித்துக்கொண்டேன். கேஸில் தோற்றால் தாள்கட்டை மூடி வைத்துவிடலாம், தேர்தலில் தோற்றால் அதே தெருவில்தானே நடக்கவேண்டும் என்றேன். நீ ஒன்றிய கவுன்சிலருக்கு நின்று முதல் தடவை தோற்றாய். மறுநாள் காலை உன்னைத் தோற்கடித்தவர் வீட்டு வாய்க்கால் தகராறுக்கு வாய்தா இருந்தது, நீதான் அவருக்கு வக்கீல். போகமாட்டாய் என்று நினைத்தேன். இட்லியைத் தின்றுவிட்டுப் போய் வாதாடிவிட்டு வந்தாய். அடுத்த தடவை அவரே உனக்கு ஓட்டு கேட்டார். இன்றைக்கு இரண்டு தெருவிலும் கொடி கட்டி உன்னை நிறுத்தியிருக்கிறார்கள் என்றால் அது போஸ்டரால் வந்ததில்லை. என் பிள்ளை என்பதற்காகச் சொல்லவில்லை. இல்லை, அதற்காகவும்தான் சொல்கிறேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு உன்மேல் கோபம். சின்னவர் போனபிறகு முன்னறை பீரோவைத் திறந்து காலனிக்காக நீ போட்ட பாதை வழக்கின் தாள்கட்டை எடுத்தேன். உன் அனுமதி கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பைப் படித்தேன். பழைய பத்திரத்தில் இருந்த பாதை புதிய பத்திரத்தில் ஏன் இல்லை என்று விளக்க வாதிகள் தரப்பில் ஒருவரும் விசாரிக்கப்படவில்லை என்று நீதிபதி எழுதியிருந்தார். அதனால்தான் தோற்றிருக்கிறோம். அதற்கு அடியில் நீ வழக்குப் போட்ட புதிதில் எழுதிய சாட்சிப் பட்டியல். முதல் மூன்று பேர் காலனிக்காரர்கள். நாலாவது இடத்தில் உன் கையெழுத்தில் என் பேர். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு.

ஆக உனக்கு முதல் வருஷத்திலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டுதான் இத்தனை வருஷம் என் கையால் சோறு வாங்கித் தின்றிருக்கிறாய். மேடைக்கு மேடை “எங்கம்மா டைப் அடிச்சு என்னப் படிக்க வச்சாங்க” என்று பேசியிருக்கிறாய். ஒரு பார்வையில்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். இப்படியொரு பிள்ளையைப் பெற்றேனே என்று நெஞ்சு நிறைந்தது. அடப் பாவி, என் மானத்தைக் காப்பாற்ற ஒரு தெருவின் வழியையே விட்டுக்கொடுத்தாயே என்று பற்றிக்கொண்டும் வந்தது. உன் நல்ல மனசுதான், தெரியும். அன்றைக்கு நான் ஒரு மரியாதைக்காகப் பாதையை விட்டேன், நீ என் மரியாதைக்காக விட்டாய். காலனிக்கு இரண்டும் ஒன்றுதான், மழை பெய்தால் பாடை சேற்றில்தான் போகிறது.

இப்போது மூன்று நாளாக நீ பேசவில்லை என்று உன் டிரைவர் சொல்கிறான். அப்பீலை வாபஸ் வாங்கலாமா என்று யோசிக்கிறாய். ஓட்டுக்காக நீ அதைச் செய்யமாட்டாய், எனக்குத் தெரியும். எனக்காகச் செய்வாய். செய்யாதே. கட்சி சொன்னது, காலம் சரியில்லை, அடுத்த ஆட்சியில் பார்த்துக்கொள்ளலாம் என்று காரணம் சொல்லலாம், அதைக்கூடக் கேட்டுக்கொள்வேன். அம்மா பேர் கெட்டுவிடும் என்ற காரணத்தை மட்டும் இன்றோடு உன்னிடமிருந்து எடுத்துவிட்டேன். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அப்பீலில் புதிய சாட்சி சேர்ப்பது லேசு இல்லை என்று எனக்குச் சட்டம் சொல்லித்தராதே. நீ வக்கீலாவதற்கு முன்னாலிருந்தே அந்த மாதிரி மனுக்களை வக்கீல்களுக்கு டைப் அடித்தவள் நான். வக்காலத்தை உன் ஜூனியருக்கு மாற்று, பெற்ற தாயை நீயே விசாரிப்பது முறையாகாது. முன்பே தெரிந்திருந்தும் ஏன் இந்தச் சாட்சியை விசாரிக்கவில்லை என்று நீதிபதி கேட்பார். மழுப்பாதே. அவர் என் அம்மா, அதனால் மறைத்தேன் என்று சொல். நான் என் தப்பைச் சொல்லும்போது நீ உன்னுடையதைச் சொல்வதில் என்ன குறைந்துவிடும்? மனு தள்ளுபடியானாலும் ஆகட்டும். தேர்தல் போனாலும் போகட்டும். தோற்றுவிட்டு மறுநாள் இட்லி தின்றுவிட்டுக் கோர்ட்டுக்குப் போகத் தெரிந்தவன்தானே நீ.

மேலே உள்ளதை நேற்று எழுதினேன். தபாலில் போடுவதற்கு முன்னால் முதலில் கேட்கவேண்டியவர்கள் காலனியில் இருக்கிறார்கள் என்று தோன்றியது. இன்று காலை பஸ் ஏறி ஊருக்குப் போனேன். உன் பெரியம்மா வீட்டு வாசலில் நின்று எல்லோருக்கும் படித்துக் காட்டினேன், ஒரு வரி விடாமல். போன வருஷ மழையில் உன் பெரியப்பாவையும் அந்தச் சேற்றில்தானே தூக்கிப்போனார்கள். முடிந்ததும் இரண்டு மூன்று பேர் எழுந்து போய்விட்டார்கள். ஒருத்தி காறித் துப்பினாள், என்மேல் இல்லை, பக்கத்தில்.

உன் பெரியம்மா எழுந்திருக்கவில்லை. புகுந்த நாளிலிருந்து எனக்கு அக்கா மாதிரி இருந்தவள். நான் போனால் உட்காரச் சொல்வதற்கு முன்னால் தட்டை வைத்துவிடுவாள். இன்று தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

“கோர்ட்டுல நிக்க வச்சுக் கேட்டா இதையே சொல்லுவியா? இல்ல, புள்ள ஓட்டுக்காவ மாத்திப்பியா?” என்றாள்.

“சொல்லுவேன்க்கா.”

“அப்பப் போயி மொதல்ல அங்க சொல்லு. சொல்லிட்டு வந்து எங்க வூட்ல சோறு துண்ணு. அது வரைக்கும் இந்தப் படி ஏறாத.”

அப்படியே திரும்பி பஸ் ஏறி வந்துவிட்டேன். வந்ததிலிருந்து அடுப்புப் பற்றவைக்க மனசில்லை. எனக்குப் பசிக்கிறது, ராசா. என்னைச் சீக்கிரம் கோர்ட்டுக்குக் கூப்பிடு.

உன் அம்மா